தார் மணலுக்கு அடியில் ஒரு டெல்டா: சுரங்க அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மத்திய சுரங்க அமைச்சக அதிகாரிகளுக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருப்பவர்களுக்கு, அப்புறம் இந்த மசோதா அவைக்கு வரும் நாளில் ஓட்டுப் போடப்போகும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2022 டிசம்பரில் நீங்கள் ஒரு வரைவு வெளியிட்டீர்கள். புவிப் பாரம்பரிய இடங்களையும் புவி எச்சங்களையும் பாதுகாத்துப் பராமரிப்பதற்கான மசோதா. பாறை, கனிமம், விண்கல், புதைபடிவம் எல்லாம் அதில் வருகிறது. நாட்டின் கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் சிலைகளுக்கும் சட்டம் இருக்கிறது, கோடி ஆண்டு பழைய எலும்புக்கும் கல்மரத்துக்கும் தனியாக ஒரு சட்டம் இல்லை என்று புவியியலாளர்கள் பல காலமாகச் சொல்லிவந்ததற்கு அது பதிலாக இருக்கும் என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன். அதற்கு முன்பே 2009-ல் பாரம்பரிய இடங்களுக்கு ஒரு தேசிய ஆணையம் அமைக்கும் மசோதா மாநிலங்களவைக்கு வந்து, கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. இந்த இரண்டாவது முயற்சியும் அப்படியே ஆறிப்போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல். ஆனால் சீக்கிரம் நிறைவேற்றுங்கள் என்று கேட்பதற்காக மட்டும் எழுதவில்லை. இப்போது இருக்கும் வடிவத்திலேயே அது சட்டமானால், ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போன்ற ஒரு நிலத்தை அது காப்பாற்றாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஜெய்சல்மேர் என்றதும் மஞ்சள் கோட்டை, ஒட்டகம், சாம் மணல்மேடு இவைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடத் தவறாமல் பெய்யாத ஊர். அந்த ஊருக்குக் கீழே இருப்பது ஒரு ஆற்று டெல்டா. இது அலங்காரத்துக்குச் சொல்வதில்லை. மணல்மேடுகள் புவியியல் கணக்கில் நேற்று வந்தவை. அவற்றுக்குக் கீழே, பல இடங்களில் மணலே இல்லாமல் வெறும் தரையில் வெயில் பட்டுக் கிடக்கிற பாறைகள், டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்தவை. அந்தக் காலத்தில் இந்தியா ஆசியாவோடு சேரவே இல்லை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு பூமத்திய ரேகைக்குத் தெற்கே கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இன்று ஜெய்சல்மேர் இருக்கும் இடம் அப்போது டெதிஸ் என்ற பழைய கடலின் ஓரம். உள்நிலத்து மேட்டிலிருந்து ஆறுகள் மணலை வாரிக்கொண்டு வந்து அந்தக் கடலில் கொட்டின. அடியில் இருந்தது அதற்கும் மிகப் பழைய, சுமார் 75 கோடி ஆண்டு வயதுள்ள மலானி எரிமலைப் பாறை. அதன்மேல் ஆற்று மணல் அடுக்கடுக்காகப் படிந்தது. லாட்டி என்ற சிற்றூரின் பெயரால் அந்த அடுக்கை லாட்டிப் பாறைத்தொகுதி என்கிறார்கள்.

இந்த நிலத்தின் பெரிய வசதி ஒன்று உண்டு, உங்கள் ஆய்வாளர்களுக்கு அது மனப்பாடமாகவே தெரியும், உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். பாறை அடுக்குகள் வடமேற்குப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் தென்கிழக்கே இருப்பது மூத்தது, வடமேற்கே போகப் போக இளையது. லாட்டி பக்கமிருந்து ஜெய்சல்மேர் வழியாக மேற்கே போகிறவர், தோண்டாமல் துருவாமல், ஆற்றிலிருந்து கழிமுகத்துக்கும் கழிமுகத்திலிருந்து கடலுக்கும் தரையிலேயே நடந்து போகலாம். கூடவே பல கோடி ஆண்டுகளையும் கடந்துவிடலாம். உலகத்தில் பல இடங்களில் இதைப் பார்க்க ஆழ்துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே பாலைவனம் மண்ணையும் செடியையும் துடைத்துவிட்டதால் எல்லாம் வெளியே கிடக்கிறது. வெளியே கிடப்பதால்தான் ஆபத்தும்.

முதலில் ஆகல். ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர். 21 ஹெக்டேர் கல்மரப் பூங்கா, 1972-லிருந்து தேசியப் புவியியல் சின்னம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள். ஏறக்குறைய 25 தண்டுகள் தரையில் தெரிகின்றன, பெரியது 13 மீட்டருக்கு மேல். ஒன்று ஒரு திசையில், இன்னொன்று வேறு திசையில், வெள்ளம் வடிந்த பின் ஆற்றோரத்தில் ஒதுங்கியவை கிடப்பதுபோலவே கிடக்கின்றன. மரம் மக்குவதற்குள் மணல் மூடியது, மணலுக்குள் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நாருக்குள் புகுந்து படிந்தது, கடைசியில் மரம் போய்க் கல் மட்டும் மரத்தின் வடிவத்தில் மிச்சம். நான் அங்கே போயிருக்கிறேன். தண்டுகளுக்கு மேலே தகரக் கூரையும் சுற்றி இரும்புக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். நல்லதுதான், இல்லாவிட்டால் இதற்குள் துண்டு துண்டாகப் போயிருக்கும். ஆனால் கம்பிக்கு வெளியே காலடியில் கிடந்த சின்னச் சின்னக் கல்மரச் சில்லுகளை வந்தவர்கள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குழந்தைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள், யாருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. தோன்றும்படி அங்கே யாரும் எதுவும் எழுதியும் வைக்கவில்லை. மரங்கள் வளர்ந்த ஆறு எங்கே ஓடியது, எந்தப் பக்கம் கடல் இருந்தது, இந்தப் பூங்காவின் வேலிக்கு வெளியே அதே பாறை எவ்வளவு தூரம் போகிறது என்று சொல்ல ஒரு வரைபடம்கூட என் கண்ணில் படவில்லை.

அடுத்தது தையாத். ஜெய்சல்மேருக்குக் கிழக்கே, ஜோத்பூர் சாலைப் பக்கம் இருக்கிற கிராமம். லாட்டித் தொகுதியின் மேல் அடுக்கு இங்கே வெளியே தெரிகிறது, ஆறு கடலைத் தொட்ட இடம், அலை வந்து போன ஈர மணல். 2014 ஜனவரியில் ஜெய்ப்பூரில் ஜுராசிக் காலத்தைப் பற்றிய சர்வதேச மாநாடு நடந்தது. அதையொட்டிய களப்பயணத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்களும் நம்மவர்களும் சேர்ந்து இங்கே டைனோசர் காலடித் தடங்களைப் பார்த்தார்கள். 2021-ல் இன்னும் தடங்கள் பதிவாயின. மூன்று விரல் பதிந்த தடங்கள், இறைச்சி தின்னும் வகையுடையவை. பெரியது சுமார் 35 சென்டிமீட்டர், சிறியது ஐந்தரை சென்டிமீட்டர். அந்த ஐந்தரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், கோழியைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று கடற்கரை ஈரத்தில் ஓடியிருக்கிறது. எலும்பு செத்த உடம்பைக் காட்டும், தடம் உயிரோடு நடந்ததைக் காட்டும். எலும்பு ஆற்றில் அடித்துக்கொண்டு எங்கோ போய்ச் சேர்ந்திருக்கலாம், தடம் அந்த இடத்திலேயே பதிந்தது. ஆகையால் ஒரு தடத்தைப் பாறையோடு பெயர்த்து எடுத்துப்போனால் போவது ஒரு கல் மட்டும் இல்லை, அந்த விலங்கு எந்தப் பக்கம் போனது, பக்கத்தில் இன்னொன்று இருந்ததா, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்ற எல்லாக் கேள்விக்குமான பதிலும் போய்விடுகிறது.

தையாத்தில் அதுதான் நடந்தது. பதிவான தடங்களில் ஒன்று அந்த இடத்தில் இல்லை என்று செய்தி வந்தது. எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? திருட்டு என்றால் யாருடைய பொருள்? இதற்கு உங்களிடம் தெளிவான பதில் இல்லாததால்தான் வரைவு எழுதினீர்கள். எழுதி வைத்துவிட்டு இத்தனை நாள் காத்திருப்பதில், இன்னும் எத்தனை போயிருக்கும் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை, ஏனென்றால் கணக்கெடுக்கப்படாத தடம் காணாமல் போனாலும் செய்தி வராது.

அப்புறம் ஜெத்வாய். ஜெய்சல்மேர் ஊருக்குப் பக்கத்திலேயே. இங்கே வரும்போது ஆறு முடிந்து, கடல் நிலத்துக்குள் ஏறிவிட்டது, டெல்டா மூழ்கிவிட்டது. மஞ்சள் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும். 2018-ல் உங்கள் துறையைச் சேர்ந்தவர்கள்தான் இங்கே எலும்புகளைக் கண்டுபிடித்தார்கள், ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுனில் பாஜ்பாய் குழுவோடு சேர்ந்து ஆராய்ந்து 2023 ஆகஸ்டில் உலகத்துக்குச் சொன்னார்கள். தாரோசாரஸ் இண்டிகஸ். தார் பாலைவனத்தின் பெயரும் இந்தியாவின் பெயரும் சேர்ந்த ஒரு தாவரம் தின்னும் டைனோசர், 16 கோடியே 70 லட்சம் ஆண்டு பழையது, டைக்ரியோசாரிட் என்ற குடும்பத்தில் இதுவரை கிடைத்ததிலேயே மூத்தது. நீளக் கழுத்து டைனோசர்களில் ஒரு பெரிய கிளை எங்கே தோன்றியது என்ற கேள்விக்கு இந்தியாவையும் ஒரு பதிலாக யோசிக்க வைத்த எலும்புகள் அவை. ஜெய்சல்மேர்ப் பாறைகளில் இருந்துதான் 2021-ல் ஸ்ட்ரோபோடஸ் ஜெய்சல்மேரென்சிஸ் என்ற சுறாவின் பற்களையும் விவரித்தார்கள், ஓடுகளை உடைத்துத் தின்பதற்கேற்ற தட்டைப் பற்கள். அந்த வகைச் சுறா இந்தியத் துணைக்கண்டத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் முதல் சான்று. இந்த இரண்டு வேலைக்காகவும் உங்கள் துறைக்காரர்களை மனதாரப் பாராட்டுகிறேன். அந்த வெயிலில், அந்தக் கல்லாங்காட்டில், பல் அளவுள்ள ஒன்றைத் தேடி எடுப்பது சாதாரண வேலை இல்லை.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆகலில் ஆறு கொண்டுவந்த மரம், தையாத்தில் கரையில் நடந்த கால், ஜெத்வாயில் கடலோரத்தில் சேர்ந்த எலும்பு. மூன்றும் ஜெய்சல்மேரில் தங்கினால் ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. தனித்தனியாக எடுத்தால் ஆகல் ஒரு வேடிக்கைப் பொருள், தையாத் ஒரு செய்தி, ஜெத்வாய் ஓர் ஆய்வுக்கட்டுரை. சேர்த்தால்தான் ஒரு டெல்டா எப்படிப் பிறந்து, காடாகி, பிறகு கடலுக்குள் போனது என்ற முழுக் கதை. காவிரி டெல்டாவில் கல்லணையை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றிவிட்டு, தஞ்சாவூர் வயலையும் கோடியக்கரையையும் விட்டுவிட்டால் அது டெல்டாவைக் காப்பாற்றியதாகுமா? உங்கள் வரைவு செய்வது அதைத்தான். ஓர் இடத்தை அறிவிப்பது, அதற்கு எல்லை கட்டுவது, எல்லைக்குள் கட்டுமானத்தைத் தடுப்பது. நாடு முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட புவியியல் சின்னங்களை அறிவித்திருக்கிறீர்கள், பெரும்பாலும் அப்படித்தான், புள்ளி புள்ளியாக. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே அடுக்கு, அதே வயது, ஒருவேளை இதைவிட நல்ல எச்சம், ஆனால் அங்கே எந்திரம் இறங்கலாம்.

இறங்கிக்கொண்டும் இருக்கிறது. ஜெய்சல்மேர் மாவட்டத்தில் சூரிய மின்சாரத்துக்காகவும் காற்றாலைக்காகவும் பெரும் பரப்பில் நிலம் சமன் செய்யப்படுகிறது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும், நிறைய வேண்டும். ஆனால் சூரியத் தகடுத் திட்டங்களுக்கு 2006-ம் ஆண்டு அறிவிக்கையின் கீழான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. அதனால் தரையைச் சீவுவதற்கு முன் அந்தத் தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை. அழியும் நிலையில் இருக்கும் கானமயில் என்ற பறவைக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பறவையாவது பறக்கும்போது கண்ணில் படும். தையாத் தடத்தைப் போன்ற ஒன்று இருக்கும் பாறைப்பலகை புல்டோசருக்குக் கீழே போனால் ஓட்டுபவருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. உங்கள் வரைவில் இதற்கு ஒரு வரி வேண்டும்: லாட்டி, ஜெய்சல்மேர்ப் பாறைத்தொகுதிகள் வெளியே தெரியும் இடங்களில் எந்தப் பெரிய நிலச் சமன்படுத்தலுக்கும் முன்னால் புதைபடிவக் கள ஆய்வு கட்டாயம். உங்களிடம் நிலவியல் வரைபடம் இருக்கிறது, எந்த அடுக்கு எங்கே வெளியே வருகிறது என்று கோடு போட்டே வைத்திருக்கிறீர்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது நிலம் கையகப்படுத்துவது. வரைவில், பாரம்பரிய இடம் என்று அறிவித்த பகுதியை 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. எல்லைக்குள் கட்டவும் கூடாது, பழுதுபார்க்கவும் கூடாது, சில விதிவிலக்குகளோடு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வரை. பெரிய கம்பெனிக்கு இது ஒரு செலவுக் கணக்கு. ஆனால் ஐந்தாறு ஆடு வைத்துக்கொண்டு மழை பெய்தால் கம்பு விதைக்கிற ஒருவர், தன் நிலத்தில் ஒரு எலும்பு தெரிந்தால் என்ன செய்வார்? சொன்னால் நிலம் போகும், வீட்டுச் சுவரைக்கூடத் திருப்பிப் பூச முடியாது என்று பயந்தால் மண்ணைப் போட்டு மூடுவார். இல்லாவிட்டால் உடைத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் வராது. சட்டத்தை அப்படி எழுதியவர்மேல்தான் வரும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். 2025 ஆகஸ்டில் ஜெய்சல்மேர் மாவட்டத்து ஃபதேகர் பகுதியில் மேகா என்ற கிராமத்தில், ஊர்க்காரர்கள் குளத்தை ஒட்டித் தோண்டும்போது எலும்புக்கூடு போன்ற ஒன்று தெரிந்தது. முதலில் டைனோசர் என்றார்கள். பிறகு ஜோத்பூர் ஜெய் நாராயண் வியாஸ் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, இது முதலை போலத் தோற்றமுள்ள பைட்டோசார் என்றார்கள், ஆற்றோரத்தில் மீன் பிடித்து வாழ்ந்த விலங்கு, வயது சுமார் 20 கோடி ஆண்டு. அதே லாட்டித் தொகுதி, அதே ஆறு. முழு ஆய்வு வெளிவரட்டும், அது தனி விஷயம். நான் சொல்ல வருவது, அதைக் கண்டவர்கள் தோண்டுவதை நிறுத்தினார்கள், அதிகாரிகளுக்குச் சொன்னார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த நல்ல மனசை அடுத்த முறையும் நம்பி இருக்கலாமா, இல்லை அதற்கு ஒரு மரியாதையும் நன்மையும் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டாமா?

ஓரண் என்று அந்த மக்கள் சொல்லும் நிலங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தெய்வத்துக்கு விட்ட மேய்ச்சல் காடு, மரம் வெட்டக் கூடாது, தலைமுறை தலைமுறையாக யாரும் வெட்டுவதும் இல்லை. தேக்ராய் ஓரணைக் காப்பாற்ற அந்த ஊர்க்காரர்கள் நடைப்பயணமே போனார்கள். பத்திரம் இல்லாத நிலத்தைப் பக்தியால் இத்தனை நூற்றாண்டு காத்தவர்களுக்குக் கல்மரத்தைக் காக்கத் தெரியாதா? ஆனால் வரைவில் கிராமசபைக்கு என்று சொல்லிக்கொள்ளும்படி ஓர் இடமும் இல்லை. எல்லாம் மத்திய அரசும் உங்கள் துறையும்தான். உங்கள் துறையிலேயே கண்டுபிடிப்பவரும், அறிவிப்பவரும், பராமரிப்பவரும், சோதனை போடுபவரும் இருந்தால் எங்கே தவறு நடந்தாலும் சுட்டிக்காட்ட ஆள் இருக்காது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் இதே கவலையைச் சொல்லியிருக்கிறார்கள். தனியாக ஒரு வாரியம், அதில் பல்கலைக்கழகங்கள், மாநில அரசு, கிராமப் பிரதிநிதிகள், இப்படி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று நினைக்கலாம். காரணம் கல்லமேடு. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற அந்த இடத்திலிருந்து எடுத்த எலும்புகளை வைத்து 1980-களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் ஒரு டைனோசருக்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு என்று சொன்னதன் நீளமே 2 மீட்டர். உண்மையிலேயே அவ்வளவு பெரியதா, உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றா என்று இன்றுவரை விவாதம் ஓய்வதில்லை. ஓயவும் ஓயாது. ஏனென்றால் அந்த எலும்புகள் இப்போது இல்லை. பொடிந்து போய்விட்டன. மிஞ்சியது சில படங்களும் வரைபடங்களும்தான். ஒரு பெரிய கேள்விக்கு நம் கையில் இருந்த பதில், பத்திரமாக எடுத்து வைக்க வசதி இல்லாமல் மண்ணாகிப்போனது. ஜெய்சல்மேரில் அது திரும்ப நடக்கக் கூடாது என்று கேட்க எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

இன்னொன்று, நான் இருப்பது திருவக்கரைக்குப் பக்கத்தில். வக்கிரகாளியம்மனைப் பௌர்ணமிக்குக் கும்பிட வருகிறவர்களில் சிலர் அப்படியே கல்மரப் பூங்காவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள், கிளையும் வேரும் இல்லாத தண்டுகள், எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை. சோனராட் என்ற ஐரோப்பியர் 1781-லேயே இவற்றைப் பதிவு செய்துவிட்டார். நீங்கள் எழுதும் சட்டம்தான் எங்கள் மரத்துக்கும். ஆகலுக்குச் சரியாக எழுதினால் திருவக்கரைக்கும் சரியாக இருக்கும், சாத்தனூரில் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டுபிடித்த அந்த 18 மீட்டர் கல்மரத்துக்கும் சரியாக இருக்கும்.

சரி, எல்லாவற்றையும் தடைசெய்துவிடலாமா என்றால் அதுவும் கூடாது. ஜெய்சல்மேரின் மஞ்சள் கல்லே கடல் படிவம்தான், அதில் சிப்பி இல்லாத துண்டு கிடைப்பதுதான் கஷ்டம். 1156-ல் கட்டத் தொடங்கிய கோட்டையின் சுவரே அந்தக் கல். ஹாபூர் என்ற ஊரின் கல்லில் கோப்பையும் கிண்ணமும் கடைகிறார்கள், அதில் பாலை ஊற்றி வைத்தால் உறை ஊற்றாமலே தயிர் ஆகும் என்று அங்கே சொல்வார்கள், இப்போது இணையத்தில்கூட விற்பனை. அதில் வெட்டுப்பட்டுத் தெரிவதெல்லாம் பழைய கடல் உயிர்களின் ஓடுகள். புதைபடிவம் என்றால் எல்லாம் ஒன்று என்று சட்டம் எழுதினால் அந்தக் கல் கடைபவர்தான் முதலில் மாட்டுவார். லட்சக்கணக்கில் கிடக்கும் சிப்பி வேறு, தாரோசாரஸின் முதுகெலும்பு வேறு. இரண்டையும் பிரித்து, எது அரியது, எது தொழிலுக்கு விடலாம் என்று அட்டவணை போடுங்கள், அட்டவணையை அந்தக் கைவினைக்காரர்களோடு உட்கார்ந்து போடுங்கள். குவாரித் தொழிலாளிக்கும் அப்படித்தான். எலும்பு தெரிந்தால் வேலையை நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள், ஆனால் நிறுத்திய நாட்களுக்கு அவர் கூலி போகக் கூடாது, சொன்னவர் பெயர் அந்தக் கண்டுபிடிப்பின் பதிவில் வர வேண்டும்.

அந்தப் பழைய ஆறு இன்றும் அந்த மக்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். லாட்டி மணற்கல்தான் ஜெய்சல்மேர்ப் பகுதியின் முக்கியமான நிலத்தடி நீர் அடுக்கு. சாந்தன் கிராமத்து ஆழ்குழாய்க் கிணறுகள் அதை நம்பித்தான். ஜுராசிக் ஆறு கொட்டிய மணலின் இடுக்குகளில் தங்கிய தண்ணீரைத்தான் பாலைவனம் குடிக்கிறது. 2024 டிசம்பர் கடைசியில் மோகன்கர் பக்கம் ஒரு வயலில் ஆழ்துளை போடும்போது தண்ணீர் பீறிட்டு அடித்து, துளையிடும் வண்டியையே உள்ளே இழுத்துக்கொண்டது. உடனே நாடு முழுக்க சரஸ்வதி நதி வெளியே வந்துவிட்டது என்று பேச்சு. நிலத்தடி நீர்த் துறைக்காரர்கள் இல்லை, இது அழுத்தத்தில் அடைபட்டிருந்த நீர் என்று பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. காலடியில் என்னென்ன அடுக்கு இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால், அந்த விளக்கத்தை ஊர்க்காரர்களே கொடுத்திருப்பார்கள். புதைபடிவத்தைக் காப்பதையும் தண்ணீரைப் புரிந்துகொள்வதையும் இரண்டு வேறு துறைகளின் வேலையாக நான் பார்க்கவில்லை, இரண்டும் ஒரே பாறையைப் பற்றியது.

வழி தெரியாமல் கேட்கவில்லை. எகிப்தில் வாதி அல்-ஹிதான் என்ற பாலைவனப் பள்ளத்தாக்கு, பழைய கடல், திமிங்கலங்களின் எலும்புகள் மணலில் அப்படியே கிடக்கும் இடம். 2005-ல் உலகப் பாரம்பரிய இடமானது, 2016-ல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். எலும்புகள் பலவும் கிடந்த இடத்திலேயே கிடக்க, மக்கள் பாதையில் நடந்து போய்ப் பார்க்கிறார்கள். நம்மிடம் யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா ஒன்றுகூட இல்லை. லாட்டியிலிருந்து ஹாபூர் வரை அடுக்கு அடுக்காக நடந்து பார்க்கும்படி ஒரு புவிப்பூங்காவுக்கு ஜெய்சல்மேரைவிடப் பொருத்தமான இடத்தை நான் யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று எதுவும் தோன்றவில்லை. புவிப்பூங்கா என்றால் மக்களை வெளியே அனுப்புவது இல்லை, அவர்கள் அங்கேயே வாழ, விவசாயமும் கைத்தொழிலும் நடக்க, நிலத்தையும் காப்பது. ஏற்கெனவே கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலே அந்தக் கிராமங்களுக்கு வழிகாட்டி வேலையும் தங்கும் விடுதியும் வரும்.

ஆகவே நான் கேட்பது இது. மசோதாவை இனியும் தள்ளிப்போடாமல் கொண்டுவாருங்கள். கொண்டுவருவதற்கு முன் தனித்தனி இடம் என்பதோடு பாரம்பரிய நிலப்பரப்பு என்ற ஒரு பிரிவைச் சேர்த்து, ஜெய்சல்மேரின் ஆற்று, கழிமுக, கடலோர அடுக்குகளை முதலாவதாக அதில் அறிவியுங்கள். நிலத்தைப் பறிப்பதற்குப் பதில் நில உரிமையாளரோடு ஒப்பந்தம் போடும் வழியை வையுங்கள். சொல்பவருக்குத் தண்டனை இல்லை, பாராட்டு உண்டு என்று எழுதுங்கள். தையாத் தடங்களை, மீதி இருப்பவற்றை, இந்தக் குளிர்காலத்துக்குள்ளாவது முப்பரிமாணத்தில் படம் எடுத்து அச்சு வார்த்து வைத்துவிடுங்கள், அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம், உங்கள் ஜெய்ப்பூர் அலுவலகம் நினைத்தால் சீக்கிரமே முடித்துவிடலாம். ஜெய்சல்மேரில் கிடைத்ததை ஜெய்சல்மேர்ப் பிள்ளைகள் பார்க்க ஒரு நல்ல அருங்காட்சியகம் அங்கேயே கட்டுங்கள். திருத்திய வரைவைப் பற்றிக் கருத்துக் கேட்கும்போது தில்லியில் இருந்துகொண்டு மின்னஞ்சலில் மட்டும் கேட்காதீர்கள். தையாத்திலும் மேகாவிலும் ஜெத்வாயிலும் கிராமசபை கூட்டி, அவர்கள் பேசும் மார்வாடியில் படித்துக் காட்டிக் கேளுங்கள். தமிழிலும் ஒரு பிரதி வெளியிடுங்கள், திருவக்கரையிலும் அரியலூரிலும் படித்துப் பதில் எழுத ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
திருவக்கரைக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்